எடை மிஷினும் ஜோசியச் சீட்டும்



முன்பு நம் நாட்டு ரயில்வே ஸ்டேஷன்களில் காசு போட்டால் சீட்டுத் தரும் எடை மிஷின்கள் இருந்ததைப் பலர் அறிவீர்கள். சீட்டில் எடையும் இருக்கும். கூடவே ஒரு ஜோசிய வாக்கியமும் இருக்கும். சிறு வயதில் விழுப்புரம் ஜங்ஷனில் நான் பார்த்தவரையில், ஜனங்கள் முதலில் படித்தது ஜோசியத்தைத்தான். மெய்யான எடையைப் பொருட்படுத்தியவர் இல்லை. உயரத்தைக் கேட்காமல் எடையை மட்டும் சொல்லி என்ன பயன் என்று கேட்டவரும் இல்லை.

இன்று ஆஸ்பத்திரிகளில் உயரத்தையும் கேட்கிறார்கள். மீட்டர் கணக்கில் உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, அத்தொகையால் கிலோ எடையை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. என்னும் உடல் நிறைக் குறியீட்டெண். 160 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ளவருக்கு 23.4 வரும். 18.5க்குக் குறைந்தால் மெலிவு, 25-ஐ எட்டினால் அதிக எடை என்பது உலகப் பொதுக் கணக்கு. இது வளர்ந்தவர்களுக்குத்தான்; குழந்தைகளுக்கு வேறு அட்டவணை உண்டு.

சரி, இதைக் கண்டவர் யார்? டாக்டரா? அல்ல. பெல்ஜியம் தேசத்து வானசாஸ்திரியும் புள்ளிவிவர நிபுணருமான கெட்லே என்பவர் 1832-ல் மனிதக் கூட்டத்தின் சராசரியைப் பார்க்கப் போட்ட கணக்கு இது. ஒரு தனி மனிதனின் நோயைச் சொல்ல அவர் இதைப் போடவில்லை. பி.எம்.ஐ. என்ற பெயரே 1972-ல் அமெரிக்கரான ஆன்சல் கீஸ் வைத்தது.

நிற்க. திண்டிவனத்தில் குமாஸ்தாவாக இருந்த என் மைத்துனருக்கு இந்த எண் 22. கையும் காலும் குச்சி; வயிறு மட்டும் பானை. "ஒல்லி ஆளுக்குச் சர்க்கரை வியாதியா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். காற்புண் இரண்டு மாதமாக ஆறாதபோது கண்ணேறு என்று தாயத்துக் கட்டினார்கள். கடைசியில் ரத்தத்தைப் பார்த்தார்கள்; ஒரு விரல் போயிற்று. தாயத்துக் கட்டியவனை ஏசலாம்; 22 என்ற எண்ணை நம்பிச் சும்மா இருந்த நம்மை யார் ஏசுவது?

2004-ல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் புனா டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். இருவருக்கும் எண் 22.3. உடற்கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2! எண் ஒன்று, உடல் வேறு. அதே ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள் ஆசிய மக்கள் 23-லேயே எச்சரிக்கையாயிருக்க வேண்டுமென்றார்கள். 2009-ல் இந்திய நிபுணர்கள் 23-ஐ அதிக எடை என்றும் 25-ஐப் பருமன் என்றும் வகுத்தார்கள். மேலே சொன்ன 60 கிலோ தோழர் உலகக் கணக்கில் தப்பினார். நம் கணக்கில் மாட்டிக்கொண்டார்.

மறுபக்கம், மண்டியில் மூட்டை தூக்கும் தோழருக்கு 26 வரலாம். அது தசையா கொழுப்பா என்று இந்த எண்ணுக்குத் தெரியாது. 2025-ல் அறிக்கை வெளியிட்ட நிபுணர் குழுவும் இதை மட்டும் கொண்டு ஒருவரை நோயாளி என்று முடிவுகட்டலாகாது, இடுப்பளவையும் பார்க்க வேண்டுமென்றே சொல்லிற்று.

அதற்கு மிஷின் வேண்டாம். தையற்காரர் டேப் போதும். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். வேட்டி கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். நம்மவரில் பலருக்கு அது தொந்திக்குக் கீழே இருக்கிறது.