அவசரத்தில் அமைக்கும் சமையலறை

புதுவீட்டின் செலவுகளில் சமையலறை கடைசியாகத்தான் வந்து நிற்கிறது. கட்டுநருக்கு, பத்திரப் பதிவுக்கு, வங்கிக் கடனின் முதல் தவணைக்கு எல்லாம் கொடுத்து முடித்தபின் மிஞ்சியிருப்பதுதான் அதற்கு. நாட்களும் அப்படியே. வாடகை வீட்டைக் காலி செய்து தருவதாகச் சொன்ன தேதி ஒரு பக்கம், ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்ற பெரியவர்களின் வற்புறுத்தல் மறுபக்கம். இவற்றுக்கு நடுவே கிடைக்கும் முப்பது நாற்பது நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, காட்சியறை ஒன்றில் அமர்ந்து கணினித் திரையில் சுழலும் படம் ஒன்றைப் பார்த்து நாம் தலையசைக்கிறோம். வீட்டில் ஒருவர் பல ஆண்டுகளுக்குத் தினமும் மணிக்கணக்கில் நிற்கப்போகும் இடம் அந்தத் தலையசைப்பில் முடிவாகிவிடுகிறது.

பணமும் நாளும் சுருங்கியிருப்பதை நாம் பெரிய தடையாகக் கருதவில்லை. குறைந்த செலவில், குறைந்த நாளில் நல்ல சமையலறை அமையக்கூடும். தேர்வு எங்கிருந்து தொடங்குகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது அது. காட்சியறை நம்மைக் கதவிலிருந்து தொடங்க வைக்கிறது. எந்த நிறம், பளபளப்பா மங்கலா, கைப்பிடி தெரிய வேண்டுமா மறைய வேண்டுமா என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன. சமைப்பவரின் கையிலிருந்தும் காலிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பதே இங்கு நாம் முன்வைக்க விரும்பும் கருத்து.

இது புதிய கருத்தன்று. இன்று நாம் மாடுலர் கிச்சன் என்று அழைக்கும் பொருளின் மூதாதையே பணத் தட்டுப்பாட்டிலும் அவசரத்திலும் பிறந்ததுதான். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் கடுமையான வீட்டுப் பஞ்சம். பிராங்க்ஃபர்ட் நகராட்சி 1925இல் எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞரிடம் பொறுப்பைக் கொடுத்து, எளிய ஊழியர்கள் குடியேறத்தக்க வீடுகளை ஆயிரக்கணக்கில் கட்டத் தொடங்கியது. அவருடைய குழுவில் பணியாற்றிய வியன்னாப் பெண்மணி மார்கரெட்டே ஷூட்டெ-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்ததே ‘பிராங்க்ஃபர்ட் சமையலறை’. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அதற்கான செலவு வீட்டு வாடகையோடு சேர்ந்தே வந்ததால் குடியேறியவர்கள் தனியே அறைகலன் வாங்க வேண்டியிருக்கவில்லை.

அதன் அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் சுமார் 3.4 மீட்டர். அதாவது 6 அடிக்குச் சற்று மேல் அகலம், 11 அடிக்குச் சற்று மேல் நீளம். நம் நகரங்களின் இரண்டு படுக்கையறை அடுக்ககங்களில் கிடைக்கும் சமையலறைகளோடு ஒப்பிட்டால் அதிக வேறுபாடு இராது. இந்தச் சிறிய இடத்தை அவர் எப்படி அணுகினார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. வீட்டு வேலையின் ஒவ்வோர் அடியையும் எண்ணிப் பார்க்கச் சொன்ன அமெரிக்கர் கிறிஸ்டின் ஃபிரெடெரிக்கின் நூல் 1922இல் ஜெர்மன் மொழிக்கு வந்திருந்தது. அவர் அதைப் படித்தார். மிகக் குறுகிய இடத்தில் பலருக்கு உணவு தயாராகும் ரயில் வண்டிச் சமையலறைகளை ஆராய்ந்தார். அடுப்பிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து மேடைக்கு எத்தனை நடை என்ற கணக்கிலிருந்து வரைபடம் பிறந்தது.

மற்றவை அந்தக் கணக்கின் தொடர்ச்சியாகவே அமைந்தன. சன்னலருகே வெளிச்சம் விழுமிடத்தில் மேடை. உட்கார்ந்து நறுக்க ஒரு சுழல் முக்காலி. காய்த்தோலை அப்படியே தள்ளிவிட மேடையிலேயே ஓர் இழுப்பறை. கழுவிய தட்டுகள் தாமே நீர் வடிந்து உலர ஒரு சட்டம். அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்கு மூக்கு வைத்த அலுமினியப் பெட்டிகள். மாவுக்கு மட்டும் ஓக் மரத்தில் இழுப்பறை, புழு அண்டாது என்பதால். நிறத்தைப் பற்றியும் யோசிக்காமல் இல்லை. நீலத்தில் ஈ உட்காராது என்று அன்று நம்பியதால் நீலப்பச்சை வண்ணம் பூசினார்கள். நிறத்துக்கும் ஒரு வேலை இருந்தது.

எனினும் பிராங்க்ஃபர்ட் சமையலறையைக் கோயிலாக்கிக் கும்பிட வேண்டியதில்லை. அது ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்யக்கூடிய இடம். இன்னொருவர் உதவிக்கு வந்தால் முழங்கை இடிக்கும். வீட்டுப் பெண்ணைத் தனி அறையில் அடைத்துவிட்டது என்று 1970களின் பெண்ணியர்கள் அதைக் கடிந்தார்கள். அதை வடிவமைத்த நாளில் தமக்குச் சமையலோ வீட்டு நிர்வாகமோ பழக்கமில்லை என்று ஷூட்டெ-லிஹோட்ஸ்கியே பிற்காலத்தில் ஒளிவில்லாமல் சொன்னார். அளவெடுத்தது பெரிய காரியம். ஆனால் அளக்கப்படுகிறவரிடம் பேசுவதும் அதே அளவுக்குப் பெரிய காரியம்.

நார்வே இயக்குநர் பென்ட் ஹாமரின் ‘கிச்சன் ஸ்டோரீஸ்’ (2003) திரைப்படத்தை நம் வாசகர்களில் பலர் பார்த்திருக்கக்கூடும். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஒருவர் நார்வே கிராமமொன்றில் தனியாக வாழும் முதியவரின் சமையலறை மூலையில் உயர்ந்த நாற்காலி போட்டு அமர்ந்து, அவர் நடமாட்டத்தைக் கோடுகளாக வரைகிறார். இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது ஆய்வின் விதி. முதியவரோ கூரையில் துளையிட்டு, மாடியிலிருந்து ஆய்வாளரை வேவு பார்க்கிறார். விதியை மீறி இருவரும் பேசத் தொடங்கிய பிறகுதான் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது ஆய்வாளருக்கு விளங்குகிறது.

நம் வீடுகளில் நடப்பது இதைவிட விசித்திரமானது. இங்கே அளப்பவரும் கேட்பதில்லை, பணம் கொடுப்பவரும் கேட்பதில்லை. காட்சியறையில் பெரும்பாலும் ஆண் பேரம் பேசுகிறார். பெண்ணிடம் நிறத்துக்கு மட்டும் ஒப்புதல் கேட்கப்படுகிறது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையைப் படித்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். வீடு எவ்வளவு பெரிதானாலும், சமையலறை எங்கே, எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவரும் அதற்குள் நிற்பவரும் வேறு வேறு ஆட்கள். மூலைச் சமையலறை போய் மாடுலர் கிச்சன் வந்தும் இந்த ஏற்பாடு மாறவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் மாறக்கூடியதுதான் இது. நாளில்லை என்பது அதற்குச் சாக்காக முடியாது.

அந்த அரை மணி நேரத்தில் என்ன பேசுவது? முதலில் பாத்திரங்கள். இட்லிப் பானை, பெரிய குக்கர், அரிசி டப்பா, மிக்ஸி, கிரைண்டர், எண்ணெய்த் தூக்கு, அஞ்சறைப் பெட்டி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, தினமும் எடுப்பது, வாரம் ஒருமுறை எடுப்பது, பண்டிகைக்கு எடுப்பது என்று பிரிக்க வேண்டும். தினமும் எடுப்பது இடுப்புக்கும் தோளுக்கும் இடையே இருக்கட்டும். பண்டிகைப் பாத்திரத்துக்குப் பரண் போதும். அடுத்தது மேடையின் உயரம். சமைப்பவர் முழங்கையை மடக்கி நின்றால், முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருப்பது நறுக்குவதற்குத் தோதானது. கட்டுநர் எல்லா வீட்டுக்கும் ஒரே உயரத்தில் கல் பதித்துவிட்டுப் போகிறார். தோள் வலி வருவது அதற்குப் பிறகு.

பிறகு தண்ணீர். நாம் தரையில் நீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். ஈரத்துணியால் துடைக்கும் நாடுகளுக்கென்று உருவான மரத்தூள் பலகைகள், விளிம்பு வழியாக நீர் ஏறினால் உப்பிப்போகும். எனவே பணத்தை எங்கே செலவிடுவது என்ற கேள்விக்கு நம் விடை எளியது. தொட்டியின் கீழேயும் தரையை ஒட்டியும் உள்ள பெட்டிகளின் உடலுக்குச் செலவிடுங்கள். அங்கே ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல்தரப் பிளைவுட் வேண்டும். பெட்டி தரையைத் தொடாமல் 4 அங்குலக் கால்களில் நிற்க வேண்டும். கீல்களும் இழுப்பறைத் தண்டவாளங்களும் நல்லவையாக இருக்கட்டும். ஒரு நாளில் ஐம்பது முறை அசைபவை அவைதாம். கதவுக்குச் சாதாரண மைக்கா போதும். அது பழசானால் கதவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே உடல் உளுத்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.

சிலிண்டரையும் மறந்துவிட வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும் பெட்டிக்குக் கீழ்ப்பகுதியில் காற்றுத் துளைகள் அவசியம். அழகுக்காக அதை முழுவதும் மூடித் தரச் சொல்வது ஆபத்து.

நாட்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. மின்சாரக்காரரும் குழாய்க்காரரும் முதலில் வர வேண்டும். கிரைண்டர், மிக்ஸி, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் சுத்திகரிப்பான் ஆகியவற்றுக்கான இணைப்புகள் சுவரில் முடிந்து, ஓடும் கல்லும் பதித்த பின்னரே இறுதி அளவு எடுக்க முடியும். தொழிற்சாலையில் பலகை வெட்டத் தொடங்குவதும் அதன் பிறகுதான். நடுவில் மனம் மாறினால் நாட்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். விலையிலும் இதே நிதானம் வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லப்படும் தொகையில் கம்பிக் கூடைகள், கீல்கள், பொருத்தும் கூலி, வரி எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்காதவரை அது விலையாகாது.

முப்பது நாளில் எல்லாம் முடியாது என்று தெரிந்தால் கீழ்ப்பகுதியை மட்டும் முடியுங்கள். மேல்பகுதிக்கு இப்போதைக்குக் கடப்பைக் கல் தட்டுகள் இரண்டு போதும். நம் அம்மாக்களும் பாட்டிகளும் அந்தத் தட்டுகளில்தான் குடும்பம் நடத்தினார்கள். கரையான் அரிக்காது, தண்ணீரில் உப்பாது, செலவும் குறைவு. ஆறு மாதம் சமைத்துப் பார்த்த பிறகு மேலே என்ன வேண்டும் என்பது சமைப்பவருக்கே தெரியும். அதற்குள் கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கும்.

ஒரு மறுப்பு எழலாம். வாழ்நாளில் ஒருமுறை கட்டும் வீடு, நாலு பேர் வந்து பார்க்கும் இடம், அழகு வேண்டாமா? வேண்டும்தான். அழகின் மீது நமக்குப் பகையில்லை. பிராங்க்ஃபர்ட் சமையலறை இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இடம்பெற்றிருக்கிறது. அங்கே போய்ச் சேர வேண்டும் என்று எண்ணி யாரும் அதை வரையவில்லை. குறைந்த வாடகை வீட்டில் ஒருவர் நடக்கும் தூரத்தைக் குறைக்க வரைந்தார்கள். அவ்வளவு கவனம் செலுத்திய இடத்தில் அழகு தானாக வந்து சேர்ந்தது.

காட்சியறைக்காரர் சலுகை இன்றோடு முடிகிறது என்பார். அவருக்கு அவசரம் இருக்கலாம். அது அவருடைய தொழில். கையெழுத்திடும் முன் அந்தப் பாத்திரப் பட்டியலையும் மேடை உயரத்தையும் அவர் முன் வைத்து, இதற்கு ஏற்றபடி படத்தை மாற்றித் தாருங்கள் என்று கேளுங்கள். கேட்பவர் சமைப்பவராகவே இருந்தால் இன்னும் நல்லது.