முகாமில் கற்றது பள்ளியில் செல்லுமா?

கோடை விடுமுறை நெருங்கினால் நீச்சல், சதுரங்கம், ஓவியம் என முகாம் விளம்பரங்கள் அணிவகுக்கின்றன. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தையின் பெற்றோர் அவற்றைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவர். கணையம் இன்சுலினைச் சுரக்காத பிள்ளை அது. நாள்தோறும் பலமுறை விரலில் குத்தி ரத்த சர்க்கரையைப் பார்த்து, ஊசி போட வேண்டும். யாரை நம்பி அனுப்புவது?

இக்கேள்விக்கு மருத்துவ உலகம் விடை காணத் தொடங்கி ஒரு நூற்றாண்டு ஆகிறது. கனடாவின் டொராண்டோ நகரில் 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதுவரை பட்டினியை ஒத்த உணவுக் கட்டுப்பாட்டில் உயிரைப் பிடித்துவைத்திருந்த குழந்தைகள், அதன்பின் வளரத் தொடங்கினர். வளரும் பிள்ளைக்கு விளையாட்டு வேண்டுமே! 1925-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மருத்துவர் லெனார்ட் வெண்ட் இத்தகைய குழந்தைகளுக்கு முகாம் நடத்தினார். 1932-இல் மாசசூசெட்ஸில், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டன் பிறந்த இடத்தில் சிறுமியருக்கென ஒரு முகாம் உருவானது.

இவற்றை வெறும் உல்லாசமாகக் கருதுவதற்கில்லை. ஓடியாடும் நாளில் உடல் சர்க்கரையை விரைந்து செலவிடும். வீட்டில் போடும் அதே அளவு இன்சுலினைப் போட்டால் மாலைக்குள் பிள்ளை மயங்கிச் சரியக்கூடும். எனவே முகாம் தொடங்கும்போதே பலருக்கும் மருத்துவர்கள் அளவைக் குறைப்பதுண்டு. உணவுக்கு முன்பும் உறங்கும் முன்பும் சோதனை, தேவைப்பட்டால் நள்ளிரவிலும். ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ்; 15 நிமிடம் கழித்து மறுசோதனை. மருத்துவமனையிலும் இவற்றைச் சொல்லித் தருகிறார்கள்தான். ஆனால், அங்கே குழந்தை தாயின் பின்னால் நிற்கும். மருத்துவர் தாயிடம் பேசுவார். முகாமிலோ, பக்கத்துப் படுக்கைச் சிறுவன் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்வதை அது பார்க்கிறது. வழிகாட்டியாக நிற்கும் இளைஞரும் பல முகாம்களில் அதே ஊசியோடு வளர்ந்தவர்.

இப்படித் தனியே கூட்டிச் செல்வது பிள்ளைகளை ஒதுக்குவதாகாதா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஆண்டு முழுவதும் வகுப்பில் தனி ஒருவராக இருக்கும் குழந்தைக்கு ஒரு வாரமேனும் பெரும்பான்மையாக இருக்க வாய்க்கிறது என்பதே என் விடை. என் கவலை வேறு. முகாம் முடிந்து, ஜூனில் பள்ளி திறந்த பிறகு என்ன ஆகிறது?

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-இல் இம்மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுசெல்ல அனுமதித்தது. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், வகுப்பறையிலேயே சர்க்கரையைச் சோதிக்கவும் இன்சுலின் போடவும் இடைவேளைக்கு முன்பே சிற்றுண்டி உண்ணவும் இடமளிக்கக் கேட்டுக்கொண்டது. நல்ல ஆணைகள். ஆனால், மூன்றாம் பாடவேளையில் வியர்த்து நடுங்கும் மாணவனைப் பார்த்து, அது வீட்டுப்பாடம் செய்யாத நடுக்கமா, சர்க்கரை குறைந்த நடுக்கமா என அறியும் ஆசிரியர் அல்லவா வேண்டும்? அவர் இல்லாத பள்ளியில் பிள்ளை ஊசி போட மறைவிடம் தேடும். கிடைக்காவிட்டால் மதிய ஊசியையே தவிர்க்கும். முகாமில் பழகிய துணிவு அத்தோடு போயிற்று. பெண் பிள்ளை என்றால், நாளைய திருமணப் பேச்சை எண்ணி, பள்ளிக்கே தெரிய வேண்டாம் எனக் கருதும் வீடுகளும் உண்டு.

இந்தியாவிலும் சில மருத்துவமனைகளும் தொண்டு அமைப்புகளும் இத்தகைய முகாம்களை நடத்துகின்றன. அவற்றின் கடைசி நாளுக்கு ஒவ்வொரு குழந்தையின் வகுப்பாசிரியரையும் அழைக்க வேண்டும் என்பேன். கல்வித் துறை அந்த நாளைப் பணிநாளாகக் கணக்கில் கொள்ளட்டும். குளுக்கோமீட்டரைப் பயன்படுத்தவும், நினைவிழந்த பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று அறியவும் அரைநாள் போதும். சொல்லித் தர அந்தப் பிள்ளைகளே இருக்கிறார்கள்.