பெங்களூர்த் தமிழருக்கு ஒரே பேரவை

பொங்கல் நெருங்கினால் பத்திரிகை அலுவலகத்தில் அழைப்பிதழ்கள் குவியும். ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே பேட்டை, அடுத்தடுத்த இரண்டு தெருக்களில் இரண்டு சங்கங்களின் பொங்கல் விழா. இரண்டிலும் கோலப் போட்டி. இரண்டிலும் உறியடி. இரண்டிலும் பட்டிமன்றம். ஓர் அழைப்பிதழில் தலைவராகப் பெயர் போட்டிருக்கும் பெரியவர், நாலு வருஷத்துக்கு முன் மற்றச் சங்கத்தின் செயலாளராக இருந்திருப்பார். விழா நடத்துவதைக் குறை சொல்ல வரவில்லை. வாரம் பூராவும் உழைக்கிற மக்களுக்கு ஒரு நாள் கரும்பும் பாட்டும் வேண்டியதுதான்.

ஆனால் அந்த விழா முடிந்த மறுநாள் காலையில், ஓசூர் சாலையில் சாரம் சரிந்து ஒரு கட்டடத் தொழிலாளி இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். சடலத்தைத் திருவண்ணாமலைக்குக் கொண்டுபோக வண்டி பேச வேண்டும். போலீசில் எழுதிக் கொடுக்கக் கன்னடம் தெரிந்த ஆள் வேண்டும். மேஸ்திரி கைபேசியை அணைத்துவிட்டார். அந்த மனிதரின் மனைவி இடுப்பில் குழந்தையோடு எந்தச் சங்கத்தின் கதவைத் தட்டுவாள்? முதல் சங்கத்தில், "அது அவர்கள் ஏரியா" என்பார்கள். இரண்டாவது சங்கம் பூட்டியிருக்கும். மூன்றாவதற்கு முகவரியே கிடையாது, லெட்டர்பேடு மட்டும் உண்டு.

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழி என்று எழுதிக் கொடுத்தவர்கள் 21 லட்சத்துக்கும் மேல். பெரும் பகுதி பெங்களூரிலும் கோலார் தங்கவயல் பக்கத்திலும் இருப்பவர்கள். இத்தனை பேர் சார்பில் ஓர் அதிகாரியின் மேஜை முன் நின்று, "நாங்கள் எல்லோரும் கேட்கிறோம்" என்று சொல்ல இன்று யாருக்கு உரிமை இருக்கிறது? ஒருவர் மனு கொடுத்துவிட்டு வெளியே வருவார். மறுநாள், அவர் தமிழர்களின் பிரதிநிதியே அல்ல என்று இன்னொருவர் அறிக்கை கொடுப்பார். அதிகாரிக்குச் சௌகரியம். இரண்டையும் ஒரே கோப்பில் போட்டுக் கட்டிவிடுவார்.

இத்தனை சங்கங்கள் ஏன் உண்டாயின என்று பார்த்தால், எல்லாவற்றுக்கும் பொறாமை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நாம் ஒரே நாளில், ஒரே ரயிலில் வந்து இறங்கியவர்கள் அல்ல. 1809-ல் வெள்ளைக்காரன் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தன் பட்டாளத்தை இங்கே மாற்றியபோது, அதன் பின்னாலேயே வந்த வியாபாரிகள், கொத்தனார்கள், காண்டிராக்டர்கள் ஒரு கூட்டம். தண்டு வட்டாரம் அப்படித்தான் தமிழ் வட்டாரமானது. அட்டாரக் கச்சேரியைக் கட்டிய காண்டிராக்டர் ஆற்காடு நாராயணசாமி முதலியார்தான். 1873-ல் பள்ளிக்கூடமும் தொடங்கினார். தங்கவயலில் 1880-க்குப் பிறகு ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்டியபோது வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பூமிக்கு அடியில் இறங்க வந்தவர்கள் இன்னொரு கூட்டம். பின்னி மில், எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று தொழிற்சாலைகளும், ரயில்வேயும் தபால் இலாகாவும் இழுத்துக்கொண்டு வந்தவர்கள் மூன்றாவது கூட்டம். இப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து சிமெண்ட் சட்டி தூக்க வருகிறவர்களும், கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வருகிறவர்களும் ஒரே பேருந்தில்கூட ஏறுவதில்லை.

தண்டுத் தமிழரின் பேரப்பிள்ளை வீட்டுக்கு வெளியே கன்னடம்தான் பேசுகிறான். கம்ப்யூட்டர்க்காரருக்குச் சிவாஜிநகர் எங்கே என்று தெரியாது. மாரிக்குப்பம் வண்டியில் விடியற்காலையில் தொங்கிக்கொண்டு வரும் தங்கவயல்காரருக்கு, 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து வேறு கவலைகள். ஆகவே ஆளுக்கொரு சங்கம் தோன்றியது இயற்கை. அதில் தவறில்லை.

தவறு வேறு இடத்தில் இருக்கிறது. ஊர் பேரால், பேட்டை பேரால் தொடங்கிய சங்கங்களுக்குள் கட்சி வந்தது. சென்னையில் ஒரு கட்சி இரண்டானால் இங்கே ஒரு மன்றம் இரண்டாகும். அங்கே தலைவர்கள் மறுபடி கைகுலுக்கிக் கொள்வார்கள். இங்கே பிரிந்த மன்றம் பிரிந்ததுதான். அடுத்தது சாதி. மேடையில் "யாதும் ஊரே" என்று பேசிவிட்டு, நிர்வாகக் குழுத் தேர்தல் வந்ததும் யார் யாருடைய ஆள் என்று விரல் விட்டு எண்ணுகிறோம். இதை அச்சில் எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். மூன்றாவது காரணம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது: மாலை. தலைவர் பதவிக்கு இருவர் நின்றால், தோற்றவர் அடுத்த மாதமே பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் புதுச் சங்கம் பதிவு செய்கிறார். நாலு தமிழர் கூடினால் ஒரு சங்கம், ஐந்தாமவர் வந்தால் போட்டிச் சங்கம் என்று பிற மொழிக்காரர்கள் கேலி பேசுவது நம் காதில் விழாமல் இல்லை.

இதனால் ஏற்படும் நஷ்டம் என்ன என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும்.

தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்கு மாநில அரசாங்கங்கள் வசதி செய்ய முயலவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு சொல்கிறது. 1956-ல் ஏழாவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட பிரிவு இது. இதற்கு முன்பே, 1949-ல் மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாட்டில் ஒரு கணக்குப் பேசி முடித்திருந்தார்கள்: ஒரு பள்ளியில் நாற்பது பிள்ளைகள், அல்லது ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தாய்மொழியில் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் தரவேண்டும். ஆக, பத்துப் பேர் கையெழுத்து வேண்டும். நூறு அல்ல, ஆயிரம் அல்ல, பத்து. அந்தப் பத்துப் பெற்றோரின் பெயரைப் பள்ளி திறப்பதற்கு முன்பே எழுதி வாங்கி, தலைமை ஆசிரியரிடமும் கல்வி அதிகாரியிடமும் சேர்த்து, ரசீது வாங்கி வைக்க ஓர் ஆள் வேண்டும். நம் பேட்டைகளில் நடப்பதென்ன? ஒரு சங்கத்திடம் ஆறு பெயர், எதிர்ச் சங்கத்திடம் நாலு பெயர். ஆறும் நாலும் பத்து என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நம் நிர்வாகிகளுக்குத் தெரிவதில்லை. ஆசிரியர் ஓய்வு பெறுகிறார், இடம் நிரப்பப்படுவதில்லை, தமிழ்ப் பிரிவு அடங்கிப்போகிறது. பிறகு அதே சங்கங்கள் தமிழ் அழிகிறதென்று தனித்தனியாகக் கருத்தரங்கம் நடத்துகின்றன!

கெட்ட நாட்களும் வந்து போயிருக்கின்றன. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதை ஒட்டி 1991 டிசம்பரில் நடந்ததை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குடிசைகள் எரிந்தன. உயிர்கள் போயின. மூட்டை முடிச்சோடு ஓசூர் எல்லையைத் தாண்டிப் போனவர்கள் ஏராளம். 2000-ல் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்ற 108 நாட்களும் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம். 2016 செப்டம்பர் 12-ல் தமிழ்நாட்டுப் பதிவெண் போட்ட பேருந்துகள் வரிசையாக எரிந்தன. ஒவ்வொரு தடவையும் நெருப்பைவிட வதந்திதான் வேகமாக ஓடியது. அங்கே இத்தனை பேர், இங்கே இத்தனை பேர் என்று வாய்க்கு வந்த கணக்கு. இது உண்மை, இது பொய் என்று நமக்கும் சொல்லி, போலீஸ் கமிஷனரையும் கன்னட அமைப்புகளின் பெரியவர்களையும் அந்த நிமிஷமே கூப்பிட்டுப் பேசக்கூடிய ஒரே குரல் நம்மிடம் இல்லாமல் இருந்தது.

அல்சூர் ஏரிக்கரை அருகே உள்ள திருவள்ளுவர் சிலையையும் நினைத்துப் பாருங்கள். 1950-ல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் எடுத்த முயற்சி அது. 1991-ல் திறக்க வேண்டிய சிலை பதினெட்டு வருஷம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9-ம் தேதி கருணாநிதி திறந்துவைத்தார், எடியூரப்பா தலைமை தாங்கினார். நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இரண்டு முதல்வர்கள் உட்கார்ந்து பேசினார்கள், சாக்கு அவிழ்ந்தது. அந்தப் பதினெட்டு வருஷமும் எல்லாச் சங்கமும் ஒரே வரிசையில் நின்று, பக்கத்து வீட்டுக் கன்னடரையும் சேர்த்துக்கொண்டு கேட்டிருந்தால் அது இன்னும் முன்னால் அவிழ்ந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

"எல்லாச் சங்கங்களையும் கலைத்து ஒன்றாக்குவதா? நடக்கிற காரியமா?" என்று கேட்பார்கள். நடக்காது. அப்படிச் செய்யவும் வேண்டாம். ஒரு சங்கத்துக்குக் கட்டடம் இருக்கிறது, இன்னொன்றுக்கு நூலகம், மற்றொன்றுக்கு ஈமச் சடங்கு நிதி. முப்பது வருஷம் பத்து ரூபாயும் இருபது ரூபாயும் சந்தா கட்டிச் சேர்த்த சொத்தை யாரிடமும் ஒப்படைக்கச் சொல்ல எவருக்கும் நியாயம் கிடையாது. அதைக் கேட்டுத்தான் முன்பெல்லாம் ஒற்றுமைப் பேச்சு முறிந்தது. வேண்டியது இணைப்பு அல்ல, பேரவை. வட அமெரிக்காவில் 1987-ல் சில தமிழ்ச் சங்கங்கள் சேர்ந்து ஒரு பேரவை அமைத்தன. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் அதில் உறுப்பு. ஒவ்வொன்றும் தன் ஊரில் தன் பெயரிலேயே நடக்கிறது, ஆண்டுக்கொரு முறை ஒரே விழாவில் கூடுகின்றன. அங்கே சண்டையே இல்லை என்று சொல்ல மாட்டோம். சண்டை போட ஒரு பொதுக்குழு இருக்கிறது, அவ்வளவுதான்.

சிக்கல் வோட்டில்தான் வரும். சங்கத்துக்கு ஒரு வோட்டு என்றால் லெட்டர்பேடு சங்கங்கள் முளைக்கும். தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன் ஆகிவிடுவான். உறுப்பினர் தலைக்கு ஒரு வோட்டு என்றால் பெரிய சங்கம் ஒன்றே எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று சிறியவை பயப்படும். இரண்டு பயமும் நியாயமானவை. சந்தா ரசீது காட்டுகிற உறுப்பினர் கணக்குப்படி வோட்டு, ஆனால் எந்தச் சங்கத்துக்கும் மொத்தத்தில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் கிடையாது என்று வரம்பு வைத்தால் போதும். மூன்று வருஷமாகத் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு இல்லாத சங்கத்துக்கு இடம் கிடையாது. தலைவர் பதவி ஆண்டுக்கொரு தடவை வட்டாரம் வட்டாரமாகச் சுற்றி வரவேண்டும். தங்கவயலுக்கும் ஒரு முறை கட்டாயம். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் பேரவைப் பொறுப்பில் இருக்கக்கூடாது. சாதிச் சங்கத்தைச் சாதிச் சங்கம் என்ற முறையில் சேர்க்கக்கூடாது. அதில் உள்ளவர்கள் தங்கள் பேட்டைச் சங்கம் வழியாக வரலாம், வரவேண்டும். செயலாளர் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். இதை வலியுறுத்திச் சொல்கிறோம். இருநூறு வருஷம் இந்த ஊரின் சோற்றைத் தின்றுவிட்டுக் கன்னடத்தில் ஒரு மனு எழுத வெளியாளைத் தேடுவது நமக்கு அழகல்ல.

தமிழர்கள் ஒரே அமைப்பாகத் திரண்டால் கன்னடர்கள் சந்தேகப்படுவார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். 1980 கடைசியில் தொடங்கி 77 நாள் நடந்த பொதுத்துறைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எச்.எம்.டி. சங்கம், பி.இ.எல். சங்கம், ஐ.டி.ஐ. சங்கம் என்று தனித்தனியாக இருந்தவை ஒரு கூட்டு முன்னணியில் நின்றன. கன்னடரும் தமிழரும் மலையாளியும் தெலுங்கரும் ஒரே பந்தலில் உட்கார்ந்தார்கள். போராட்டத்தில் கிடைத்தது என்ன, போனது என்ன என்பது வேறு கதை. கூடி நின்றதற்காக யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. எதற்காகக் கூடுகிறோம் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் சந்தேகத்துக்கு வேலை இல்லை. பேரவையின் கூட்டங்களுக்கு அவரையும் அழைக்கலாம்.

பேரவை ஆரம்பித்ததும் மாநாடு, மலர், பொன்னாடை என்று இறங்கிவிடக்கூடாது. முதல் காரியம், தண்டு ரயில் நிலையத்துக்கோ சிவாஜிநகர் பேருந்து நிலையத்துக்கோ நடந்து போகிற தூரத்தில் ஓர் அறை, ஒரு மேஜை. மாலை ஆறு மணிக்கு மேலும் ஞாயிறு முழுவதும் திறந்திருக்க வேண்டும். பகலில் திறந்து வைத்தால் உழைக்கிறவன் வரமுடியாது. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய, 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் இருந்து, ஒரு வருஷத்தில் 90 நாள் வேலை பார்த்ததற்குச் சான்று காட்டவேண்டும். வெளிமாநிலத்தவர் என்பதால் மறுக்க முடியாது. இது தெரியாமலே ஆயிரக்கணக்கானவர்கள் சாரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க நம்மில் குமாஸ்தாக்களுக்கா பஞ்சம்? வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தர நூறு பேர் வருவார்கள். யாருடைய சங்கம் என்று கேட்காமல் வரக்கூடிய இடம் ஒன்று வேண்டும்.

பெரும்பாலான சங்கங்கள் மார்ச் மாதக் கணக்கை முடித்தபின் பொதுக்குழுவைக் கூட்டுகின்றன. இந்த வருஷ நிகழ்ச்சி நிரலில், பேரவை அமைப்பது பற்றிப் பேச இருவரை அனுப்புவது என்று ஒரே ஒரு தீர்மானத்தைச் சேர்க்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். நிர்வாகிகள் சேர்க்கவில்லை என்றால், சந்தா கட்டுகிற உறுப்பினர்கள் எழுந்து நின்று கேளுங்கள். தீர்மானம் நிறைவேற்றிய சங்கங்களின் பெயரை, பதிவு எண்ணோடும் உறுப்பினர் எண்ணிக்கையோடும் வந்த வரிசையிலேயே இந்தப் பக்கத்தில் வெளியிடுவோம். நிறைவேற்றாதவற்றின் பெயரையும் வெளியிடுவோம்.