வகுக்கும் எண்ணில் சிக்கிய 26 வாரங்கள்

சென்னையில் இயங்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் நிர்வாகப் பங்குதாரருக்குத் திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிறுவனத்தின் பெண் ஆலோசகர்கள் சார்பில் கடந்த ஈராண்டில் மனிதவளத் துறைக்கு மூன்று விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. முதலாவதற்குப் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒருவரி விடை வந்தது. இரண்டாவது எந்தக் குழுவின் மேசையில் தங்கியது என்று தெரியவில்லை. மூன்றாவதற்கு விடையே இல்லை. மூடிய உறையில் பணிவுடன் கேட்கப்பட்டது இப்போது ஊரறியக் கேட்கப்படுவதற்குக் காரணம் அதுவே. மகப்பேறு விடுப்பை 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியதையும், விடுப்பில் இருக்கும் பெண்ணின் பணி நிலைமைகளை அவருக்குப் பாதகமாக மாற்றலாகாது என்பதையும் பிற நிறுவனங்களுக்குக் கட்டணம் பெற்று எடுத்துரைப்பதே தங்கள் தொழில் என்பதால், சட்ட விளக்கம் இங்குத் தேவைப்படாது.

ஒரு நேர்வு மட்டும் போதும். பதினோராண்டு அனுபவம் பெற்ற முதுநிலை மேலாளர் ஒருவர், 26 வார விடுப்பு முடிந்து திரும்பி, அந்த மதிப்பீட்டாண்டில் எஞ்சியிருந்த 26 வாரங்களின் 1,040 வேலை மணிகளில் 936 மணிகளைக் கிளையன்ட் பணியில் செலவிட்டார். ஆலோசனைத் தொழிலில் ஆளை அளக்கும் கோல் 'யூட்டிலைசேஷன்' எனப்படுவது. அதாவது, ஒருவருக்குரிய மொத்த வேலை மணிகளில் கிளையன்டிடம் கட்டணம் பெறத்தக்க மணிகள் எத்தனை விழுக்காடு என்ற கணக்கு. அக்கோலின்படி அவர் எட்டியது 90 விழுக்காடு. ஆயினும் அவருடைய அப்ரைசல் தாளில் 45 என்றே அச்சாகியிருந்தது. ஏனெனில் 936 மணிகளை வகுத்த எண், அவர் பணியில் இருந்த 1,040 அன்று, ஆண்டு முழுமைக்குமான 2,080. சட்டம் அளித்த விடுப்பு, அவர் சும்மா இருந்த நேரமாக அந்தத் தாளில் பதிவாயிற்று.

அதன்பின் நடந்தவை அந்த 45-இன் கிளைகளே. அவர் ஆறாண்டு வளர்த்த கிளையன்ட், விடுப்புக் காலத்தில் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்ட சக ஊழியரிடமே நிலைத்துவிட்டது. கைக்குழந்தைக்காரருக்கு எதற்குப் பயணம் என்ற கரிசனத்தால், அவரிடம் ஒரு சொல் கேளாமலே, வெளியூர்த் திட்டங்களிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. திட்டம் ஏதுமின்றிக் காத்திருப்போரின் வரிசையான 'பெஞ்ச்'சில் அமர்த்தப்பட்ட சில வாரங்களில், பணித்திறனை மேம்படுத்தும் திட்டம் என்ற பெயரால் வெளியேறும் வழியைக் காட்டும் 'பிஐபி' கடிதம் கைக்கு வந்தது. மேலேறு, இல்லையேல் வெளியேறு என்பது இத்தொழிலின் எழுதாத விதி, அவர் வெளியேறினார். விலகல் படிவத்தில் நிரப்பப்பட்ட காரணம் 'சொந்தக் காரணம்'. அதே மாதம், மகளிர் நாளை முன்னிட்டு வரவேற்புக் கூடத்தில் வைக்கப்பட்ட பதாகையில் சிரித்துக்கொண்டிருந்த முகமும் அவருடையதே.

அமெரிக்காவின் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனத்தில் 1982-இல் பங்குதாரர் நிலைக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் ஒரே பெண்ணான ஆன் ஹாப்கின்ஸுக்கு, நடையிலும் பேச்சிலும் உடையிலும் பெண்மை கூட வேண்டும், முகப்பூச்சும் நகையும் அணிய வேண்டும் என்று அறிவுரை கூறப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 1989-இல் தீர்ப்பளித்த அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பாலின வார்ப்பை வைத்து ஒருவரின் பதவி உயர்வைத் தீர்மானிப்பதும் பாகுபாடே என்றது. அன்றைய பங்குதாரர்கள் தம் எண்ணத்தை வாய்விட்டுச் சொன்னதால் அது நீதிமன்றத்தில் சான்றாயிற்று. தங்கள் நிறுவனம் அவர்களைவிடத் தேர்ந்தது: எவரும் எதுவும் சொல்வதில்லை, எக்செல் தாளே சொல்லிவிடுகிறது.

பொருளியலில் 2023-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், எந்நேரமும் அழைப்புக்கு இணங்குவோருக்கே மிகையாக ஊதியம் தரும் பணிகளைப் 'பேராசைப் பணிகள்' என்று குறித்தார். கிளையன்ட் நள்ளிரவில் அழைக்கிறார், நிறுவனம் என்ன செய்யும் என்று அந்த ஆய்வையே கேடயமாக ஏந்துவது தங்களுக்கு எளிது. ஆனால் 936-ஐ 2,080-ஆல் வகுக்கச் சொன்னவர் எந்தக் கிளையன்டும் அல்லர்.

இடைநிலைப் பெண்கள் ஏன் நிலைப்பதில்லை என்று ஆராயக் குழுக்கள் அமைக்கப்படுகின்றன. தாய்மைக்குப் பின் வேலை தேடுவோரை ஈர்க்கத் தனித் திட்டம் விளம்பரமாகிறது. தன் வீட்டுக் குடத்தை உடைத்துவிட்டு அடுத்த தெருவில் தண்ணீர் கேட்கும் இந்த நிர்வாகத் திறனுக்கும் யாரேனும் விருது வழங்கக்கூடும். அடுத்த மார்ச் 8 அன்று ரோஜாப்பூவும் சாக்லேட்டும் வேண்டா. விடுப்பு வாரங்களை வகுக்கும் எண்ணிலிருந்து கழித்து, பழைய அப்ரைசல் தாள்களையும் திருத்தினால் போதும். அதற்கு நேர்மையும், சரியான எண்ணால் வகுக்கத் தெரிந்த ஓர் ஆளும் தேவை. அப்படியொருவர் தங்களிடம் பதினோராண்டுகள் இருந்தார்.

இவண்,
மூன்று விண்ணப்பங்களுக்கும் உரிய விடை பெறாதோர்