இறங்கிப் பார்க்க ஒரு நிமிடம்



மன்னார்த் தீவில் மாதர் சங்கக் கூட்டங்களுக்குப் போகும்போது லொறிச் சாரதிகளின் மனைவிமாரை நான் நிறையச் சந்திக்கிறேன். மீன் லொறி, ஐஸ் லொறி, உப்பு லொறி என்று இரவு பகலாக ஓடுபவர்களின் குடும்பங்கள் அவை. அவர்கள் கடந்து போகும் ரயில் கடவைகளைப் பற்றி இம்மாதம் பேசுவோம்.

தலைமன்னாருக்கு ரயில் பாதை வந்தது 1914 இல். யுத்தம் காரணமாக 1990 இல் சேவை நின்றது. பாதை மீண்டும் போடப்பட்டு, 2013 இல் மடு வீதி வரைக்கும், 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரைக்கும் ரயில் வந்தது. இடைப்பட்ட 25 வருடங்களில் ஒரு தலைமுறையே ரயிலைக் காணாமல் வாகனம் ஓட்டப் பழகிவிட்டது. ரயில் வந்த பிறகும் நாளுக்குச் சில தடவைகள்தான் ஓடியது. ஆகவே “இந்த நேரம் ரயில் இல்லை” என்ற எண்ணம் பலரிடம் ஊறிப்போய்விட்டது. சேவை சில காலம் நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்கும்போது இந்த எண்ணம் இன்னும் ஆபத்தானது.

2021 மார்ச் 16 ஆம் திகதி தலைமன்னாரில் ரயிலும் தனியார் பஸ்ஸும் மோதியதை நாம் மறக்கவில்லை. 14 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். 20 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். பஸ் சாரதியும் கடவைக் காப்பாளரும் கைதுசெய்யப்பட்டார்கள். காப்பாளர் உள்ள கடவையிலேயே இப்படி நடக்குமென்றால், கேற்றும் மணியும் இல்லாத கடவையில் சாரதிக்குத் துணை அவருடைய கண்ணும் காதும்தான்.

ஆனால் கண்ணும் ஏமாற்றும். பெரிய பொருள் ஒன்று நம்மை நோக்கி வரும்போது அது மெதுவாக வருவதுபோலத் தோன்றும் என்று லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985 இல் விளக்கினார். “தூரத்தில்தானே வருகுது, போயிடலாம்” என்று சாரதி நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாரம் ஏற்றிய லொறி நின்ற இடத்திலிருந்து கிளம்பி, அதன் பின்சில்லும் தண்டவாளத்தைத் தாண்ட 10 செக்கனுக்கு மேல் எடுக்கலாம். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ரயில் அந்த 10 செக்கனில் 220 மீற்றர் வந்துவிடும். ரயில் சாரதி லொறியைக் கண்டு பிரேக் போட்டாலும், ரயில் நிற்பதற்குப் பல நூறு மீற்றர் வேண்டும்.

வீதியும் தண்டவாளமும் அருகருகே ஓடும் இடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பெரிய வீதியிலிருந்து திரும்பிக் கடவையில் ஏறும் லொறிக்குப் பின்பக்கமாக வரும் ரயில் தெரியாது. உடைமரப் பற்றை வளர்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

இதற்கு வழி என்ன? இந்தியாவின் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131 ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. காவலில்லாத கடவையில் சாரதி வாகனத்தை நிறுத்த வேண்டும். நடத்துனரோ உதவியாளரோ இறங்கிக் கடவை வரை நடந்து, இரண்டு பக்கமும் பார்த்து, வாகனத்தை அழைத்துச் செல்ல வேண்டும். உதவியாளர் இல்லையென்றால் சாரதியே இறங்கிப் பார்க்க வேண்டும். நாமும் இதைப் பின்பற்றலாம். பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிக் காது கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் லொறி முழுவதும் நிற்க இடம் உண்டா என்று பார்த்த பிறகுதான் ஏற வேண்டும். தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றக்கூடாது. லொறி அங்கே நின்றுபோனால், பொருளை மறந்து எல்லோரும் உடனே இறங்கித் தூர ஓட வேண்டும். ரயில் வரும் திசைப் பக்கமாக, தண்டவாளத்தை விட்டு விலகிச் சரிவாக ஓடினால், மோதிச் சிதறும் துண்டுகள் மேலே படாது.

இதையெல்லாம் நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒரு சகோதரி எழும்பினார். “அக்கா, அவருக்கு இறங்கிப் பார்க்கத் தெரியாமல் இல்லை. ஐஸ் கரைஞ்சு மீன் பழுதாப்போனா முதலாளி காசைக் கழிச்சுப் போடுவார். பிந்தினா போனுக்கு மேல போன் வரும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கடவையில் அவசரப்படுபவர் சாரதி. ஆனால் அந்த அவசரம் தொடங்குவது ஏலம் நடக்கும் கரையிலும் சந்தையிலும் முதலாளியின் தொலைபேசியிலும். அதனால் சாரதிக்கு மட்டும் புத்தி சொல்லிப் பயனில்லை. கடவையில் நின்ற நேரத்துக்காகக் கூலி வெட்டப்படாது என்று முதலாளிமார் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியவையும் உண்டு. வாகனம் ஓடும் நேரத்தில் வீட்டிலிருந்து “எங்கே நிக்கிறீங்கள்?” என்று அழைக்காமல் இருப்போம். கூட லொறியில் போகும் பிள்ளை பெரும்பாலும் நம் ஊர்ப் பையன்தான். இறங்கிப் பார்ப்பது அவனுடைய வேலை என்று அவனுக்கும் சொல்லிக்கொடுப்போம். மீனவர் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் இந்தக் கூலி விடயத்தைப் பேசுவோம். கடவையோரப் பற்றைகளை வெட்டவும், பெயர்ப்பலகையும் சமிக்ஞை விளக்கும் போடவும் பிரதேச செயலகத்துக்கு மாதர் சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுப்போம். கடிதத்தின் பிரதியைக் கட்டாயம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் காவலில்லாத கடவை எத்தனை என்று அடுத்த கூட்டத்துக்கு முன் எண்ணி வையுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.