பழைய மோட்டார் வண்டி வாங்குவார்க்கு ஒரு சொல்

பழமையைப் போற்றுதல் வேறு. பழையதொன்றை ஆராயாது கொள்ளுதல் வேறு. 'தெரிந்து தெளிதல்' என வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அஃது ஆளைத் தெரிதற்குக் கூறியதாயினும், மோட்டார் வண்டியைத் தெரிதற்கும் முற்றும் பொருந்தும் என்பது யான் பொருளிழந்து கற்ற பாடம்.

யாழ்ப்பாணத்தையும் பழைய ஆங்கில வண்டிகளையும் பிரித்து நினைத்தல் அரிது. 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ40 சோமசெற், அதன்பின் வந்த கேம்பிறிட்ஜ், 1948இல் தோன்றிய மொறிஸ் மைனர் ஆகியவை தாம் பிறந்த நாட்டில் காட்சிப்பொருளான பின்னரும் எம் ஒழுங்கைகளில் உழைத்தன. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. கார்பரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளியையும் மணமகளையும் ஏற்றிச் சென்ற அவ்வண்டிகளின் புகை மணத்தை அந்நாளிற் சிறுவராயிருந்த எம்மவர் மறப்பாரல்லர்.

அந்த அன்பே என்னை ஏமாற்றியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, பழைய வண்டிகளின் விலை ஏறியிருந்த காலம். என் தந்தையார் வாடகைக்கு ஓட்டியது போன்ற ஓர் ஏ40 விலைக்கு வந்தது. புது வர்ணம் பளபளத்தது; கடன்பட்டு வாங்கினேன். மூன்றாம் மாதம், பிள்ளைகள் இருவரும் பின்னே இருக்க, ஒரு சந்தியிற் பிறேக்கை மிதித்தேன். மிதி தளம்வரை சென்றது, வண்டி நிற்கவில்லை. கைப்பிறேக்கும் ஒரு கிடுகுவேலியுமே எம்மைக் காத்தன. துருவேறிய பிறேக் குழாய் வெடித்திருந்தது. நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று உள்ள வண்டியாதலின், ஓரிடம் வெடித்தால் எல்லாம் போம். கராச்சு முதியவர் காலடி விரிப்பை உயர்த்திக் காட்டினார். தளத்தகட்டின் துளைகளைப் புட்டியால் அடைத்து வர்ணம் பூசியிருந்தார்கள்.

ஆதலின், வாங்குவோர் முதலில் நோக்கவேண்டியது துருவையே. கடல் சூழ்ந்த எம் குடாநாட்டில் உப்புக்காற்று இரும்பை ஓயாது தின்கிறது. சோமசெற்றுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. மொறிஸ் மைனருக்கும் ஏ30க்கும் உடலே எலும்பு. அவற்றின் அடித்தகட்டிலுள்ள ஓட்டை அழகுக்குறையன்று, முதுகெலும்பு முறிவென்க. துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். புட்டியில் அது ஒட்டாது. மேல்நாடுகளில் வீட்டுவண்டி வாங்குவோரும் சுவரில் ஈரம் ஊறியுள்ளதா என்றே முதலிற் பார்ப்பர். கேடு மறைந்திருக்கும் இடம் எங்கும் ஒன்றே.

இரண்டாவது எஞ்சின். அது குளிர்ந்திருக்கும்போதே சென்று இயக்கச் சொல்லுங்கள். முன்னரே சூடாக்கி வைத்திருப்பின் ஐயுறுக. நீலப்புகை எழுந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகின்றது. மண்ணெண்ணெய் அவ்வெண்ணெயை நீர்க்கச் செய்து உட்பாகங்களைத் தேய்க்கும். பாரம் இழுக்கும்போது எழும் தட்டொலி அதனை அறிவிக்கும்.

மூன்றாவது பத்திரம். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றிதழோடு ஒத்தல் வேண்டும். வெற்றுக் கையொப்பப் படிவத்தோடு பல கைமாறிய வண்டியை, பெயர் மாற்றித் தந்தாலன்றி வாங்கற்க. அதன்மேல் லீசிங் கடன் உண்டோ என்பதையும் விசாரிக்க. இறுதியாக ரயரின் பள்ளத்தை மட்டும் பாராது, பக்கத்திற் பொறித்த நான்கு இலக்கங்களையும் படியுங்கள். அவை செய்த வாரத்தையும் ஆண்டையும் கூறும். ஓடாத ரயரும் முதுமையடையும்.

"குறையைக் கண்டுபிடித்தல் வாங்குவோன் கடமை; சொல்லாதிருத்தல் விற்போன் உரிமை" என்பாருளர். யான் இதனை உடன்படேன். விலையிற் பேரம் இருக்கலாம், உயிரில் இருத்தலாகாது. விற்றவர் அறிந்தே மறைத்தார். அறியாமல் நம்பிய என் குற்றமும் சிறிதன்று: அரைநாட் கூலி கொடுத்து அம்முதியவரை முன்னரே அழைத்துச் சென்றேனல்லேன்.

விழாவுக்காகத் தாய்நாடு வரும் பழைய மாணவரிற் சிலர், இளமை நினைவால் இத்தகைய வண்டிகளை வாங்க விழைகின்றனர்; சிலர் கல்லூரிக்கே ஒரு வண்டி அளிக்க எண்ணுகின்றனர். அன்பர்களே, காசோலை எழுதுமுன் கைவினைஞரை அழையுங்கள். 2013 முதல் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு உளது. தடைக்காலத்தில் வண்டிகளை ஓடச்செய்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். மதிப்பூதியம் அளித்து அவர்களை மாணவர்முன் நிறுத்துதல் பழைய மாணவர் சங்கத்துக்குத் தக்கதோர் அறம்.

என் வண்டியின் தளத்தை வெட்டிப் புதுத்தகடு பொருத்தினோம், இன்றும் ஓடுகிறது. அதனை விற்கும் நாள் வருமாயின், வாங்க வருபவர் கேட்குமுன் விரிப்பை யானே உயர்த்திக் காட்டுவேன்.