முட்டிக்கு எத்தனை மாத எம்சி?

சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் எங்கே போனாலும், தோட்டத்துத் திடலில் பந்து விளையாடி முட்டியைத் திருகிக்கொண்ட ஒருவராவது இருப்பார். மோட்டாரிலிருந்து விழுந்தவர் இன்னொருவர். இருவருக்கும் வீட்டில் ஒரே தீர்ப்பு: "இனிமே காலை அலட்டாதே, தேஞ்சிடும்."

பயம் சும்மா வரவில்லை. முன் சிலுவைத் தசைநார் (ஏசிஎல்) அறுந்தவர்களிலும் முட்டிச் சவ்வு கிழிந்தவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் வருகிறது. 25 வயதில் விழுந்தவனுக்கு 40லேயே படியேற முடியாமல் போகலாம். ஆனால் அதற்கு மருந்து அசையாமல் கிடப்பது என்பது சுத்தப் பொய். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. பாரம் ஏறி இறங்கும்போதுதான், பிழிந்துவிட்ட பஞ்சு நீரை இழுப்பதுபோல, அது மூட்டு நீரிலிருந்து சத்தை எடுத்துக்கொள்கிறது. காலைத் தூக்கி நாற்காலியில் போட்டே வைத்திருந்தால் சில வாரங்களில் தொடைத் தசை வற்றிவிடும். சந்தேகமா? இரண்டு தொடைகளையும் முட்டிக்கு ஒரு சாண் மேலே தையல் டேப்பால் அளந்து பாருங்கள்.

"பாட்டி காண்டா வாளி சுமந்தேதான் முட்டி போச்சு" என்பார்கள். உண்மைதான். பல்லாண்டு பாரம் தூக்குவதும் குந்தி எழுவதும் மூட்டைக் கெடுக்கும். அதற்காகப் பாட்டியின் கூலி வேலையையும் பேரனின் பயிற்சியையும் ஒரே கணக்கில் எழுதலாமா?

ஆபரேஷன் செய்தால் கவலை விட்டது என்போர் இன்னொரு கூட்டம். சுவீடனில் தசைநார் அறுந்த 121 இளைஞர்களில் ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை செய்து பயிற்சியும் கொடுத்தார்கள். மறு பிரிவினருக்குப் பயிற்சிதான் முதலில், வேண்டுமானால் பிறகு அறுவை. 2013இல் வெளிவந்த ஐந்தாண்டு முடிவில், எக்ஸ்ரேயில் தெரிந்த தேய்மானத்தில் வித்தியாசமில்லை. இரண்டாம் பிரிவில் பாதிப் பேர் பின்னர் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முட்டி நழுவிக்கொண்டே இருந்தாலோ மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ கத்தி தேவைப்படலாம். கத்தி தசையை வளர்க்காது.

அடிபட்ட ஓரிரு மணி நேரத்தில் முட்டி வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். எண்ணெய் போட்டு நீவுகிறவரிடம் போகாமல் மருத்துவமனைக்குப் போங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தால் நாரும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பிறகு பிசியோ சொல்லும் அளவில் தொடங்க வேண்டியதுதான். கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை அழுத்தி 5 எண்ணி விடுங்கள். தொடை கெட்டிப்படுவது கைக்குத் தெரியும். சின்ன வேலைதான், மாதக்கணக்கில் செய்யத்தான் ஆள் இல்லை. உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் சுமார் 4 கிலோ பாரம் குறையும். தே தாரேக்கின் சீனி அங்கேதான் போய் உட்காருகிறது.

அலட்டாதே என்று வீடு அடக்க, நண்பர்கள் மூன்றே மாதத்தில் திடலுக்கு இழுப்பார்கள். அறுவைக்குப் பின் 9 மாதம் ஆகுமுன் ஆடினால் மறுபடி அறும் ஆபத்து அதிகம். இரண்டாம் முறை அடிபட்டால் தேய்மானம் இன்னும் நெருங்கும். காயங்களைக் குறைக்க ஃபிஃபா வகுத்த 20 நிமிடத் தயார்ப் பயிற்சிக்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். கிண்ணத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் கோழிப் பிரியாணிக்கும் பணம் திரட்டும் போட்டி ஏற்பாட்டுக் குழுக்கள், இதையும் விதியில் சேர்க்கட்டும்: செய்யாத அணிக்குத் திடலில் இடமில்லை.